சுளுக்கா, சீழா? சதைக்குள் மறைந்து வளரும் கட்டியைக் கண்டுகொள்வது எப்படி?

தொடை வலிக்கிறது, சப்பை வலிக்கிறது, இடுப்பைப் பிடித்துக் கொண்டது என்று வீட்டில் யாராவது சொன்னால் நம் ஊர்ப்பக்கம் முதலில் வரும் பதில், "சுளுக்கா இருக்கும், நீவி விட்டா சரியாப் போயிடும்" என்பதுதான். பெரும்பாலும் அந்தப் பதில் சரியாகவே இருக்கிறது. வரப்பு வெட்டுகிறவர், நாற்று நடுகிறவர், மூட்டை தூக்குகிறவர், குடம் சுமக்கிறவர் எல்லோருக்கும் சதைப்பிடிப்பு வருவது இயற்கை. இரண்டு நாள் ஓய்வும் வெந்நீர் ஒத்தடமும் கிடைத்தால் அது போய்விடும்.

ஆனால் போகாத வலி ஒன்று உண்டு. நாளாக நாளாக அது கூடும். சாயங்காலம் ஆனால் காய்ச்சல் காயும். வலிக்கிற இடம் மரக்கட்டை போல் இறுகும். மேல்தோலைப் பார்த்தால் சிவப்பும் இராது, முகம் வைத்த கட்டியும் தெரியாது. உள்ளே சதையின் நடுவில் சீழ் கோத்துக் கொண்டிருக்கும். இதற்குத் தசைச் சீழ்க்கட்டி என்று பெயர். டாக்டர்கள் இதை 'பயோமயோசைட்டிஸ்' என்பார்கள். வெப்ப நாடுகளில் அதிகம் காணப்படுவதால் 'டிராப்பிகல்' என்ற அடைமொழியும் சேர்த்துச் சொல்வார்கள். நம் நாடு அந்த வெப்ப வட்டாரத்தில்தான் இருக்கிறது.

சீக்கிரம் கண்டுபிடித்தால் இது முழுவதும் குணமாகிற நோய். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. கண்டுபிடிக்கிற வேலையில் பாதி டாக்டருடையது. மீதிப் பாதி, ஒரே வீட்டில் இருந்து ஒருவர் நடையையும் ஒருவர் தூக்கத்தையும் பார்க்கிற கணவன் மனைவியாகிய உங்களுடையது. அதனால்தான் இந்தத் துண்டுப் பிரசுரம் உங்களுக்காக எழுதப்படுகிறது.

சதைக்குள் சீழ் வருவது எப்படி?

சாதாரணமாக நம் உடம்பின் சதையில் கிருமி எளிதில் தங்காது. கிருமி வளர்வதற்கு இரும்புச் சத்து வேண்டும். சதையில் இரும்பு இருந்தாலும் அது கிருமியின் கைக்கு எட்டாதபடி வேறு பொருளோடு பிணைந்து கிடக்கிறது. ஆகவே நல்ல சதை, பூட்டிய களஞ்சியம் போன்றது. அடிபட்டால் பூட்டு உடைகிறது. உள்ளே சிறிது இரத்தம் கசிகிறது. அந்தச் சமயத்தில் இரத்தத்தில் கிருமி ஓடிக்கொண்டிருந்தால் அது அங்கே இறங்கிக் குடியேறி விடுகிறது.

இது வெறும் ஊகமல்ல. 1904-ஆம் ஆண்டிலேயே மியாகே என்ற ஜப்பானிய மருத்துவர் பிராணிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். கிருமியை இரத்தத்தில் செலுத்தினால் மட்டும் சதையில் கட்டி வரவில்லை. முன்னதாகச் சதையை நசுக்கியோ வேறு வகையில் காயப்படுத்தியோ இருந்தால்தான் அந்த இடத்தில் கட்டி வந்தது. நோயாளிகளிடம் விசாரித்தாலும், "போன வாரம் வரப்பில் வழுக்கி விழுந்தேன்", "மாடு முட்டியது" என்று பலர் சொல்வதுண்டு. அடியே படாமல் வருவதும் உண்டு.

கிருமி எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணமான கிருமி 'ஸ்டபைலோகாக்கஸ் ஆரியஸ்' என்பது. வெப்ப நாடுகளில் பத்துக் கட்டிகளில் எட்டு ஒன்பது இந்தக் கிருமியால்தான் வருகின்றன. சிரங்கு, வேனற்கட்டி, நகச்சுற்று எல்லாவற்றிலும் இருப்பது இதுவே. நோய் இல்லாதவர்களிலும் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் மூக்கினுள்ளே சும்மா குடியிருக்கும். சொறிந்த புண் வழியாகவோ காலில் குத்திய முள் வழியாகவோ இரத்தத்தில் ஏறிவிடும். ஆகவே பிள்ளைகளின் சிரங்கை அலட்சியம் செய்ய வேண்டாம்.

யாருக்கும் வரலாம். குழந்தைகளுக்கும், இருபதிலிருந்து நாற்பத்தைந்து வயது வரை உள்ள உழைப்பாளிகளுக்கும் அதிகம் வருகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், சத்துக் குறைந்தவர்கள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டவர்கள் ஆகியோரைச் சுலபமாகப் பிடிக்கும்.

வெளியே ஏன் தெரிவதில்லை?

பூசணிக்காய் உள்ளே அழுகியிருந்தாலும் தோல் பளபளவென்றுதான் இருக்கும். அதே கதைதான் இங்கும். தொடைச் சதையும் புட்டச் சதையும் கனமானவை. அவற்றைச் சுற்றிக் கெட்டியான உறை ஒன்று இருக்கிறது. அந்த உறைக்குள் சீழ் அடைபட்டுக் கிடப்பதால் வெளித்தோல் பல நாள் வரை சாதாரணமாகவே தோன்றும். காலில் புண் வந்தால் கவட்டில் நெறி கட்டுமல்லவா? இந்த நோயில் பெரும்பாலும் நெறியும் கட்டாது. "நெறி கட்டலையே, அப்போ சீழ் இல்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம்பிவிடக் கூடாது.

நோய் மூன்று கட்டமாக வளர்கிறது. முதல் கட்டம் ஏறக்குறைய பத்து நாளிலிருந்து மூன்று வாரம் வரை. சதை இழுத்துப் பிடிக்கிற வலியும், இலேசான காய்ச்சலும், சற்று வீக்கமும் இருக்கும். தொட்டால் இறுகி இருக்கும். இந்தக் கட்டத்தில் சீழ் சேர்ந்திருக்காது. ஊசி போட்டு இழுத்தாலும் ஒன்றும் வராது. இப்போதே மருந்து கொடுத்தால் அறுவையே இல்லாமல் குணப்படுத்தலாம். வருத்தம் என்னவென்றால், இந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நூற்றில் இரண்டு பேர் அளவுக்குத்தான். மற்ற எல்லோரும் நீவிக் கொண்டும் பற்றுப் போட்டுக் கொண்டும் வீட்டில் இருக்கிறார்கள்.

இரண்டாம் கட்டத்தில் சீழ் கோக்கிறது. குளிர்காய்ச்சல் வரும், வலி தாங்காது, இறுகிய இடம் நடுவில் சேறு போல் மெத்தென்றாகும். சில சமயம் அரை லிட்டர் சீழ்கூட எடுக்க வேண்டியிருக்கும். வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் வருகிறார்கள். இப்போதும் காப்பாற்றிவிடலாம்.

மூன்றாம் கட்டத்தில் விஷம் இரத்தத்தில் கலந்து விடுகிறது. மூச்சு வாங்கும், பேச்சு குழறும், கைகால் சில்லிடும், சிறுநீர் குறையும். நுரையீரல், இருதயம், சிறுநீரகம் எல்லாம் கெடும். அப்போது 108-க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதைத் தவிர வேறு யோசனை கூடாது.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியவை

பல வீடுகளில் நடக்கிற பேச்சு இது:

"ஏங்க, நாலு நாளா நொண்டுறீங்க. ராத்திரி உடம்பு அனலாக் கொதிக்குது. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுவோம்."

"சும்மா இரு புள்ள, சுளுக்குதான். அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்."

அறுப்புக் கூலி போய்விடுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் ஆரம்பத்தில் போனால் போகிறது சில நாள் கூலி. சீழ் கோத்த பிறகு போனால் ஒன்றிரண்டு மாதக் கூலி போகும். இந்தக் கணக்கை அந்த அம்மாள் எடுத்துச் சொல்லலாம்.

முதலில் நாளை எண்ணுங்கள். சுளுக்கு வலி முதல் நாளும் இரண்டாம் நாளும் அதிகமாக இருந்து, பிறகு படிப்படியாக இறங்கும். சீழ் வலி ஏறிக்கொண்டே போகும். மூன்றாம் நாளைவிட ஐந்தாம் நாள் வலி அதிகம் என்றால் அது சுளுக்கின் குணமல்ல. அடுத்தது காய்ச்சல். சதைப்பிடிப்புக்குக் காய்ச்சல் வராது. ஆகவே ஓரிடத்தில் சதை வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மறுநாளே காட்ட வேண்டும். புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதோடு நிற்காமல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்று காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். டாக்டருக்கு அந்தத் தாள் ரொம்பவும் உபயோகப்படும்.

இன்னொரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு நூலை எடுத்துக் கொள்ளுங்கள். முழங்காலுக்கு மேலே ஒரு சாண் தள்ளி, வலிக்கிற தொடையைச் சுற்றி அளவெடுத்து முடிச்சுப் போடுங்கள். அதே நூலால் மற்றத் தொடையையும் அதே இடத்தில் அளந்து பாருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அளவெடுங்கள். வீக்கம் கூடுகிறதா என்பதைக் கண்ணைவிட நூல் சரியாகச் சொல்லும்.

தொடையின் முன்சதையும் புட்டமும்தான் இந்தக் கட்டி அதிகம் வருகிற இடங்கள். ஆடுசதை, தோள்பட்டை, முதுகு, மார்புச் சதை எங்கேயும் வரலாம். எல்லாவற்றிலும் ஏமாற்றுவது, முதுகெலும்பிலிருந்து வயிற்றின் பின்பக்கமாகத் தொடைக்கு இறங்கும் ஒரு பெரிய தசை. அங்கே சீழ் வந்தால் கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நோயாளி தொடையை மடக்கியபடியே படுத்திருப்பார். காலை நீட்டச் சொன்னால் அலறுவார். வலப்பக்கம் என்றால் குடல்வால் அழற்சி என்றுகூடத் தோன்றும். முதுகெலும்பில் காசநோய் இருந்தாலும் அதே தசை வழியாகச் சீழ் இறங்குவதுண்டு. ஆனால் அது மெதுவாக, பல வாரமாக, சூடு அதிகமில்லாமல் வரும்.

குழந்தை திடீரென்று நொண்டினாலோ, காலைத் தொடவிடாமல் அழுதாலோ, கூடவே காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கே கொண்டு போய்விட வேண்டும். "பள்ளிக்கூடத்தில் விழுந்திருப்பான்" என்று நாள் கடத்தக் கூடாது. சதையில் சீழ் என்றாலும், இடுப்பு மூட்டில் சீழ் என்றாலும், எலும்பில் சீழ் என்றாலும் குழந்தைக்கு ஆரம்ப அடையாளம் ஒன்றுதான். மூட்டில் சீழ் இருந்தால் சில நாளிலேயே மூட்டு கெட்டு, காலம் முழுக்க நொண்ட வேண்டி வரும்.

பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதையும் சுளுக்கு என்று எண்ண வேண்டாம். காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதை நீவினால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும். சீழா, இரத்த உறைவா என்பதை ஆஸ்பத்திரியில்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

ஊசி போட்ட இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட தொடையில் ஓரிரு நாள் வலியும் சிறு வீக்கமும் இருப்பது இயல்பு. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் ஊசிக்கும் இது பொருந்தும். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்குப் பிறகு வீக்கம் குறையாமல் கூடினால், காய்ச்சலும் வந்தால், செவிலியரிடம் காட்டுங்கள். இதற்குப் பயந்து தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள். இப்படி ஆவது மிக அபூர்வம்.

செய்யக் கூடாதவை

சுளுக்கு நீவுகிறவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கை பழகியவர்கள் பலர் உண்மையான சதைப்பிடிப்பை நன்றாகவே எடுத்து விடுகிறார்கள். அவர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டியது, காய்ச்சல் இருக்கிறது என்ற ஒன்றைத்தான். காய்ச்சல் இருக்கிற உடம்பில் அவரும் கை வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது. அடைபட்ட சீழை அமுக்கி நீவினால் கிருமி இரத்தத்தில் பரவும்.

பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவதும், பிளேடால் கீறிவிடுவதும் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கிற சீழ் வெளியே வராது. வெளியே இருக்கிற அழுக்குத்தான் உள்ளே போகும்.

கடையில் நாலைந்து மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். அதில் பல நேரம் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். சாப்பிட்டவுடன் சுகமாக இருக்கும். காய்ச்சலும் இறங்கும். உள்ளே கட்டி மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஒன்றிரண்டு வேளைக் கிருமிக்கொல்லி மாத்திரை போட்டுக் கொள்வதும் அப்படித்தான். நோய் தீராது. பிறகு பரிசோதனையில் எந்தக் கிருமி என்பதும் தெரியாமல் போய்விடும். அப்படிச் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். டாக்டர் அதற்காகக் கோபிக்க மாட்டார். கோபித்தாலும் பாதகமில்லை, விஷயம் தெரிவது முக்கியம்.

ஆஸ்பத்திரியில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

டாக்டர் முதலில் கேட்பது கதையைத்தான். என்றைக்கு ஆரம்பித்தது, அடி பட்டதா, சிரங்கு இருந்ததா, ஊசி போட்டதா, சர்க்கரை உண்டா என்று கேட்பார். நோயாளி வலியில் பாதியை மறந்து விடுவார். ஆகவே கணவனுக்கு என்றால் மனைவியும், மனைவிக்கு என்றால் கணவனும் கூடப் போவது நல்லது. புட்டத்திலும் கவட்டிலும் வலி என்றால் பெண்கள் வெட்கப்பட்டு, "கால் வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை வாங்கிக் கொண்டு வந்து விடுகிறார்கள். பெண் டாக்டரைக் கேட்கலாம். இல்லையென்றால் செவிலியரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லலாம். துணியை விலக்கிக் காட்டாமல் இந்த நோயைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பிறகு இரத்தப் பரிசோதனை. கிருமியோடு சண்டையிடும் வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அவை கூடாமலும் இருக்கலாம். ஆகவே இரத்தம் சரியாக இருக்கிறது என்ற ஒன்றை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையிலும், நோய் உள்ள பலருக்கு ஒன்றும் வளராது. நூற்றில் முப்பது பேருக்கு வளர்ந்தாலே அதிகம்.

இன்றைக்கு நமக்கு எளிதில் கிடைக்கிற நல்ல கருவி அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் குழந்தையைப் பார்ப்பதும் இதனால்தான். வலியில்லை, கதிர்வீச்சு இல்லை, கர்ப்பிணிக்கும் செய்யலாம். சதைக்குள் நீர்போல் சீழ் தேங்கியிருந்தால் திரையில் தெரியும். ஆரம்ப நாட்களிலும் இடுப்பின் ஆழத்திலும் இது சில சமயம் தவறவிடும். அப்போது சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். எம்.ஆர்.ஐ. எல்லாவற்றிலும் நுட்பமானது. சீழ் கோப்பதற்கு முன்பே சதை வீங்கியிருப்பதையும் காட்டும். வெறும் எக்ஸ்ரே சதையைக் காட்டாது. எலும்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை எடுப்பார்கள்.

கடைசியில் சந்தேகம் தீர்க்கிற பரிசோதனை ஊசிதான். அந்த இடத்தை மரக்கச் செய்து, கொஞ்சம் தடித்த ஊசியால் உள்ளே குத்தி இழுப்பார்கள். சீழ் கெட்டியாக இருப்பதால் மெல்லிய ஊசியில் ஏறாது. "ஊசி குத்தினால் சீழ் பரவிவிடுமோ" என்று பயப்பட வேண்டாம். சீழ் வந்தால் நோய் உறுதி. வராவிட்டால் ஒன்று இது முதல் கட்டமாக இருக்கும், அல்லது வேறு நோயாக இருக்கும். எடுத்த சீழை ஆய்வகத்திற்கு அனுப்பி, என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பார்கள். விடை வர இரண்டு மூன்று நாள் ஆகும். சாதாரண மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் இப்போது பெருகிவிட்டதால் இந்தப் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது.

வலி சில மணி நேரத்திலேயே கடுமையாகி, தோல் கருத்து, நீர்க்கொப்புளம் எழும்பினால் அது இதைவிட வேகமான வேறு கிருமி நோயாக இருக்கலாம். ஒரு வேளைகூடக் காத்திராமல் போய்விட வேண்டும்.

நோய் உறுதியானதும் சர்க்கரைப் பரிசோதனை செய்வார்கள். தொடையில் கட்டி என்று வந்த பிறகுதான் தங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதையே தெரிந்து கொள்கிறவர்கள் உண்டு. எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் சொல்லக்கூடும். இதைக் கேட்டவுடன் கணவன் மனைவிக்குள் சந்தேகமும் சண்டையும் வந்துவிடக் கூடாது. இந்தக் கட்டி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தொற்று கிடையாது. டாக்டர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, முறைக்காகக் கேட்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் உள்ள நம்பிக்கை மையத்தில் இது இலவசம், இரகசியம் காக்கப்படும்.

கண்டுபிடித்த பிறகு

முதல் கட்டத்தில் ஊசி மருந்து, பிறகு மாத்திரை. சீழ் கோத்திருந்தால் அதை முழுதும் வெளியேற்ற வேண்டும். ஸ்கேன் பார்த்துக் குழாய் வைத்து எடுப்பார்கள், அல்லது கீறி எடுப்பார்கள். சீழை உள்ளே வைத்துக் கொண்டு மருந்து மட்டும் சாப்பிட்டால் பலன் இல்லை. மருந்து சீழுக்குள் சரியாகப் போய்ச் சேராது.

சீழ் வெளியேறியதும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேறோர் இடத்திலும் கட்டி இருக்கக்கூடும். சிலருக்கு ஒரே சமயத்தில் இரண்டு மூன்று சதைகளில் வருவதுண்டு. ஆகவே புதிதாக எங்கே வலித்தாலும் சொல்லிவிடுங்கள்.

மருந்து பொதுவாக மூன்று நான்கு வாரம் சாப்பிட வேண்டியிருக்கும். பத்தாம் நாளே வலி போய்விடும். அப்போது மீதி மாத்திரையை மாடப்பிறையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள்தான் மறுபடியும் கட்டியோடு வருகிறார்கள். காயம் உள்ளிருந்து மேலாக ஆற வேண்டும் என்பதால் மேல்வாயைத் திறந்தே விட்டிருப்பார்கள். "தையல் போடாம விட்டுட்டாங்க" என்று வருத்தப்பட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டு மாற்றிக் கொள்ளலாம். முட்டை, பருப்பு, கீரை, மீன் எது முடியுமோ அதைத் தாராளமாகக் கொடுங்கள். கட்டிக்கு ஆகாது என்று பத்தியம் வைக்க வேண்டாம். டாக்டர் சொன்ன நாளிலிருந்து காலை மெதுவாக நீட்டி மடக்கிப் பழக வேண்டும். படுத்தே கிடந்தால் சதை இறுகிவிடும். மூட்டை தூக்குவதும் ஏர் பிடிப்பதும் டாக்டர் மறுமுறை பார்த்துச் சொன்ன பிறகுதான்.